சான்டா லூனாவில் ஒரு கோணல் கிராப்பு

"எங்கண்ணன் நல்லவன்னு சொல்ல வரல" என்றாள் மார்வா.

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். பூண்டு வாசனை.

"அடிச்சிருக்கான். மிரட்டியிருக்கான். தேர்தலுக்குத் தேர்தல் அடுத்தவன் போஸ்டரைக் கிழிச்சு, ஒட்டின கையையும் முறிச்சிருக்கான். ஆனா கொல்லல. அன்செல்மை அவன் கொல்லல."

டெஸ்மண்ட் லெசாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சொந்தமாகத் துப்பறிகிறவர். நான் கமீல் சீராம். அவருக்குக் கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, அவர் கேட்கக் கூச்சப்படுவதைக் கேட்பது என் வேலை. கூச்சம் எனக்குச் சம்பளத்தில் சேர்த்தி இல்லை.

விஷயம் டிரினிடாட் முழுக்கத் தெரிந்ததுதான். சான்டா லூனா தொகுதியில் ஆளும் பச்சைக் கட்சி தோற்றதே கிடையாது. கம்பத்துக்குப் பச்சை சாயம் அடித்து நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள். பாதித் தேர்தல்களில் அதைத்தான் நிறுத்தியும் வைத்தார்கள். பழைய எம்.பி.க்குத் தூதர் பதவி கொடுத்து வெளிநாடு அனுப்பிவிட்டு, சாவகாசமாக இடைத்தேர்தல் அறிவித்தார்கள். எதிரே ஒரு சுயேச்சை, அன்செல்ம் பத்தீஸ்த். அரசாங்கம் இழுத்து மூடிய சர்க்கரை ஆலையின் கடைசி ஃபோர்மன். கட்சி இல்லை, காசில்லை, ஒரு மைக் வண்டி.

திங்கள்கிழமை அன்செல்ம் ஜெயித்தார். பிரதமர் டிவியில் பேசியபோது அவர் முகத்தைப் பார்க்க என் அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். அப்பாவும் அந்த ஆலைதான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அன்செல்மின் பிக்கப் வண்டி ஆற்றில் கிடந்தது. உள்ளே அவர். மத்தியானத்துக்குள் பச்சைக் கட்சியின் அடியாள், மார்வாவின் அண்ணன் கார்வின் க்வாமினாவைப் போலீஸ் தூக்கிவிட்டது. ரிசல்ட் வந்த ராத்திரி பாலத்தில் கார்வினின் ஜீப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியதை நேரில் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் சிப்ரியன். சலூன்காரர், அன்செல்மின் தேர்தல் ஏஜெண்ட்.

"தூக்குல போடறாங்களோ இல்லையோ" என்றாள் மார்வா, "விசாரணைக்கு வரவே பத்து வருஷம் ரிமாண்ட்ல கிடப்பான். அவனுக்கு சர்க்கரை. போன வருஷமே ஒரு விரலை எடுத்தாச்சு. பத்து வருஷம் கழிச்சு அவங்க எனக்குத் தர்றது பொணமாத்தான் இருக்கும்."

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது நான் சொன்னேன்: "பாஸ், அந்தாளு உள்ளயே இருக்கட்டுமே. நாட்டுக்கு நல்லது."

"நாட்டுக்கு நல்லதுன்னு ஒருத்தனை உள்ள போட ஆரம்பிச்சா, அடுத்து யாரைப் போடறதுன்னு யாரு முடிவு பண்றது?"

"என்னைக் கேட்டா நான் ஒரு வரிசையே தருவேன்."

"அதான் உன்னைக் கேக்கறதில்ல. வண்டியை எடு."

சான்டா லூனாவுக்குள் நுழைந்ததும் ரோடு புத்தம்புதுத் தாராக இருந்தது. தேர்தலுக்காகப் போட்டது. வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூட வாசல் வரை வழவழவென்று வந்து, வாசலைத் தாண்டியதும் பழைய குழிக்குள் தொப்பென்று விழுந்தது. அங்கே ஆட்சியும் முடிந்துவிட்டது போலிருந்தது.

மார்வாவை அவள் வீட்டில் இறக்கிவிட்டு விசாரணையைத் தொடங்கினோம். பாஸுக்கு ஒரே கேள்வி. "திங்கக்கிழமை அன்செல்மைப் பாத்தீங்களா?"

"பாத்தோமே" என்றார் ரொட்டிக் கடைக்காரி. "மேல மலைப்பக்கம் ஓட்டுக் கேட்டுட்டு வந்தாரு."

"தேர்தல் அன்னைக்கு எதுக்குக்கா ஓட்டுக் கேக்கறது?" என்றேன்.

"அப்ப சும்மா போயிட்டு வந்தாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"டெல்ஃபின் பாத்தா."

டெல்ஃபின் தையற்காரி. அவளும் பார்த்தோமே என்றாள். யார் பார்த்தது என்று கேட்டால் மரக்கடை நோயல். நோயலைக் கேட்டோம். அவர் வாயில் ஆணியை வைத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்காரி பார்த்ததாகச் சொன்னார்.

"ஊரே பாத்திருக்கு பாஸ். ஆனா ஒரு கண்ணும் பாக்கல."

"பொய் சொல்றவங்க நெறைய விவரம் சொல்வாங்க" என்றார் பாஸ். "இவங்க ஒருத்தரும் சட்டை நிறம்கூடச் சொல்லல. இது பொய் சொல்றதில்ல. எதையோ தொடாம தள்ளி நடக்கறது."

"எதை?"

"பசிக்குது" என்றார்.

சந்தை முனையில் சூக்ராஜின் டபிள்ஸ் வண்டி. இரண்டு மெல்லிய பரா ரொட்டிக்கு நடுவில் சுண்டலை வைத்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கிற வேகத்தில் நம் கண்ணுக்கு அந்தக் கை தெரியாது.

"எனக்குக் காரம் வேணாம்" என்றார் பாஸ்.

"எனக்கு அவர் பங்கையும் சேத்துப் போடுங்கண்ணே" என்றேன்.

சூக்ராஜ் வேர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். இடதுபக்கக் கிருதா காதுமடல் வரை தொங்கியது. வலதுபக்கம் நெற்றிப்பொட்டுக்கு மேலே ஏறி ஓடிப்போயிருந்தது. பின்கழுத்தில் படிக்கட்டு.

"என்னண்ணே இது? வலது பக்கம் ஆளுங்கட்சி வெட்டி, இடது பக்கம் எதிர்க்கட்சி வெட்டிச்சா?"

அவரே சிரித்துவிட்டார். "சிப்ரியன் வேலைம்மா. இத்தனை வருஷத்துல ஒரு மயிரு கோணினதில்ல. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை போய் உக்காந்தேன். கண்ணாடி பாக்காம வெட்டினா வேற எப்படி வரும்?"

"கண்ணாடி எங்க போச்சு?" என்றார் பாஸ், காகிதத்தைப் பிரித்துக்கொண்டே.

கரண்டி சுண்டல் பாத்திரத்துக்கு மேல் நின்றது.

"வெயிலு" என்றார் சூக்ராஜ். "கண்ணு கூசுதுன்னு துணி போட்டிருந்தான்."

அப்புறம் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு, கேட்காமலே பாஸுக்கு இரண்டாவது டபிள்ஸ் சுருட்டினார். அதில் மிளகாய்ச் சட்னி வழிந்தது.

திருப்பம் வரைக்கும் பாஸ் அதைத் தின்றுகொண்டே வந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"காரமா பாஸ்?"

"என் வாயை அடைக்கப் பாத்தான். நல்லாவே அடைச்சிட்டான்." மூக்கைத் துடைத்தார். "கமீல், உங்க வீட்ல ஒருத்தர் செத்தா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"அழுவோம்."

"அதுக்கும் முன்னாடி."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் கை தானாகக் காற்றில் எதையோ பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பியது. "கண்ணாடியைத் திருப்பி வைப்போம். பெருசா இருந்தா போர்வை போடுவோம். செத்தவங்க அதுல மாட்டிக்கக் கூடாதுன்னு."

"எந்த வீட்டுக் கண்ணாடியை?"

"சாவு விழுந்த வீட்டுக் கண்ணாடியை."

"அன்செல்ம் எங்க செத்தார்?"

"ஆத்துல. ஆத்துக்கு ஏது பாஸ் கண்ணாடி?"

"அப்ப சலூன் கண்ணாடிக்கு எதுக்குப் போர்வை? அதுவும் ஞாயித்துக்கிழமை?"

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். திங்கள்கிழமைதான் ஓட்டு. திங்கள்கிழமைதான் அந்த மனுஷன் ஜெயித்தார்.

"பாஸ், வேணாம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அவர் ஏற்கெனவே சலூன் படியில் கால் வைத்திருந்தார்.

சிப்ரியனின் சலூன்தான் அன்செல்மின் தேர்தல் அலுவலகமும். சுவர் முழுக்க அவர் முகம். பெஞ்சில் நாலைந்து பேர் தொப்பியோடு உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெரிய கண்ணாடிக்கும் பூப்போட்ட போர்வை. சிப்ரியன் ஒல்லி, வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

பாஸ் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ஒரு ஷேவிங்."

"இன்னைக்கு இல்லீங்க. துக்கம்."

"எப்போலேருந்து?"

"செவ்வாக்கிழமைலேருந்து. தலைவர் போனதிலேருந்து."

"அப்படியா" என்றார் பாஸ். "சூக்ராஜ் தலை ஞாயித்துக்கிழமையே துக்கத்துக்கு வந்துட்டுப் போயிருக்கே."

சீட்டுக் குலுக்கும் சத்தம் நின்றது. பெஞ்சின் ஓரத்திலிருந்த மரக்கடை நோயல் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டார். பெரிய உடம்பு. கார்ச்சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டேன். கராத்தே தெரிந்த உதவியாளர்களைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது கத்துவது மட்டும்தான்.

"நீங்க யாரு அனுப்பின ஆளு?" என்றார் சிப்ரியன்.

"மார்வா."

"கார்வின் தங்கச்சியா?" தரையில் துப்புவதுபோல் சொன்னார். "அப்ப பச்சைக்காரன் ஆளு."

"நான் ஒரு கேள்விக்கு ஆளு. அன்செல்ம் எங்க செத்தார்?"

சிப்ரியன் பாஸைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார். "நீங்க உக்காந்திருக்கிற எடத்துல."

பாஸ் மெதுவாக எழுந்துகொண்டார்.

"சனிக்கிழமை மத்தியானம். ஓட்டுப் போடறப்ப போட்டோ எடுப்பாங்க, நல்லா வழிச்சு விடுன்னு வந்தாரு. பாதி முகம் முடிஞ்சுது. 'சிப்ரியன், நெஞ்சை என்னமோ பண்ணுது'ன்னாரு. 'பிரதமருக்கும் அதேதான் பண்ணும்'னு நான் ஜோக் அடிச்சேன். அவ்வளவுதான். அவரு கேட்டாரா இல்லையான்னுகூடத் தெரியல." கோட்டுப் பொத்தானைத் திருகினார். "மீதி முகத்தையும் வழிச்சு முடிச்சேன். நுரையோட, பாதில விட மனசு வரல."

"டாக்டரைக் கூப்பிடல?"

"கூப்பிட்டா செத்துட்டார்னு எழுதுவாரு. வேட்பாளர் செத்தா தேர்தல் தள்ளிப்போகும், அது சட்டம். தள்ளிப்போனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமாம்மா?" இது எனக்கு.

தெரியும். மீதி ரோட்டையும் போடுவார்கள். குழாயில் ஒரு மாசம் தண்ணீர் வரும். அரிசியும் எண்ணெயும் வைத்த மளிகைக் கூடை வீட்டுக்கு வீடு வரும். ஆலையைத் திறக்கப்போவதாக ஒரு அமைச்சர் வந்து கேட்டில் பூட்டைத் தடவிவிட்டுப் போவார். எங்கள் ஆட்கள் பசித்தவர்கள், கூடையைத் திருப்பி அனுப்புகிற அளவுக்குக் கொழுப்பு யாரிடமும் இல்லை.

"பின் ரூம்ல ஏசி இருக்கு. மீன் மார்க்கெட்லேருந்து ஐஸ் கொண்டுவந்தேன். ஞாயித்துக்கிழமை கடையை மூடினா கேள்வி வரும், தெறந்தேன். வெளிய மைக் வண்டி போகுது. அதுல அவரு முன்னாடி பேசிவச்ச பேச்சு. அவர் குரல் தெருவுல போகுது, அவரு உள்ள படுத்திருக்காரு, நான் நடுவுல நின்னு முடி வெட்டறேன்." முதல்முறையாகக் குரல் உடைந்தது. "கண்ணாடியைத் தெறந்து வச்சுக்கிட்டு எப்படிம்மா வெட்டுவேன்?"

எல்லாவற்றையும் மறைத்த மனுஷன். கண்ணாடிமேல் போட்ட அந்தப் போர்வையை மட்டும் மறைக்காமல் விட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் போர்வையைத்தான் தேடியிருப்பேன்.

"வந்தவங்க ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலையா?" என்றேன்.

கதவில் சாய்ந்திருந்தவர் பேசினார். "கேக்க என்ன இருக்கு? கண்ணாடி மூடியிருந்துச்சு. பின் ரூம் பூட்டியிருந்துச்சு. தலைவரைக் காணோம். உக்காந்தோம், வெட்டிக்கிட்டோம், காசு குடுத்தோம். மறுநாள் போய் அன்செல்முக்குப் போட்டோம்."

தொப்பியை எடுத்தார். ஒரு பக்கம் ஏறியிருந்தது. பெஞ்சிலிருந்தவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். அத்தனை தலையும் கோணல்.

அழுகை வந்தது எனக்கு, அவமானமாக. இவர்கள் செத்தவர் என்று தெரிந்தே போட்டிருக்கிறார்கள். வீட்டில் சொல்லி, வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்லி, ஒரு வார்த்தையும் தெருவுக்கு வராமல், மையில் விரலை முக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை பச்சைக்காரனைத் தோற்கடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று.

"இதுவரைக்கும் சொன்னதுக்கு நான் செவிடு" என்றார் பாஸ். "தேர்தல் கமிஷன் எனக்குச் சம்பளம் தரல. ஜீப்பைப் பத்திச் சொல்லு, சிப்ரியன்."

"ஜெயிச்சதும் வண்டியில வச்சு ஆத்துல விட்டோம். சந்தோஷத்துல வேகமா ஓட்டி விழுந்துட்டார்னு இருக்கட்டும்னு. சார்ஜன்ட் வந்து யாராவது தொரத்தினாங்களான்னு கேட்டாரு. வாயில கார்வின் பேரு வந்துடுச்சு."

"வந்துடுச்சா, வச்சிருந்தியா?"

பாஸ் பேசிக்கொண்டிருந்தபோது நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன், அதாவது அடுத்தவர் வீட்டு மூலையை நோண்டிக்கொண்டிருந்தேன். வாஷ்பேசினுக்குக் கீழே புதுக் காகித மணத்தோடு ஒரு கட்டு. கயிற்றை அவிழ்த்து ஒன்றை உருவினேன்.

போஸ்டர். வெள்ளைக் கோட்டு இல்லாமல், டையோடு சிப்ரியன். கீழே பெரிய எழுத்தில்: அன்செல்மின் ரத்தத்துக்கு நீதி. உங்கள் ஓட்டு சிப்ரியனுக்கே.

"ஜெயிச்சவர் செத்தா மறுபடி இடைத்தேர்தல்" என்றேன். "விபத்துல செத்தவருக்கு அனுதாபம் ஒரு வாரம் தாங்கும். கொலையானவருக்கு அஞ்சு வருஷம். இல்லீங்களாண்ணே? டை நல்லாருக்கு. கண்ணாடி பாத்துக் கட்டினதா?"

கதவில் நின்றவர் வந்து போஸ்டரை என் கையிலிருந்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "இதை எப்ப அடிச்சே?"

"ஜனங்களுக்காகத்தான் நோயல்."

"எப்ப அடிச்சேன்னு கேட்டேன்."

கதவு காலியாக இருந்ததால் அது திறந்தது. மார்வா. எவ்வளவு நேரமாக வெளியே நின்றாளோ. ஏப்ரன் இன்னும் இடுப்பில்.

"முழுசாக் கேட்டேன்" என்றாள்.

சிப்ரியன் அவளிடம் நேராகப் போனார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். "உங்கண்ணன் என் தம்பி கையை உடைச்சான் மார்வா. இந்த வாசல்ல, பசை வாளி வச்சிருந்த கையை. ரெஞ்சு பிடிச்சு சோறு தின்ன கை அது, இப்ப ஸ்பூன் நிக்கமாட்டேங்குது. அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

"எதுத்த கடையில. மாவு வாங்கிட்டிருந்தேன். பாத்தேன்." அவள் பெஞ்சைச் சுற்றிப் பார்த்தாள். "நீயும் பாத்தே நோயல். நீங்க எல்லாரும் பாத்தீங்க. ஒருத்தர் ஸ்டேஷன் பக்கம் போகல, நானும் போகல. அவன் செஞ்சதுக்கு ஒரு சாட்சி கிடையாது. செய்யாததுக்கு ஊரே சாட்சி."

"ஒருத்தன் உள்ள போனா ஒரு தொகுதி பொழைக்கும்" என்றார் சிப்ரியன். "நீ வாயைத் தெறந்தேன்னா ரிசல்ட் செல்லாது. பிணத்தை நிறுத்தி ஜெயிச்ச கூட்டம்னு ஊரே நம்மைப் பாத்துச் சிரிக்கும். அப்புறம் பச்சைக்காரன் பேரன் காலத்துக்கும் இங்கதான். அந்தப் பாவம் உன் தலையில."

"நானும் அன்செல்முக்குத்தான் போட்டேன்" என்றாள் மார்வா.

நோயல் கையிலிருந்த போஸ்டரைக் கீழே இறக்கினார்.

"எங்கண்ணன் சோறு தின்னுட்டு, அவன் ஜீப்புல போய் எறங்கி, அன்செல்முக்குப் போட்டேன். அவனுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவான்னு உங்களுக்கே தெரியும். உங்க வீடுகளுக்கெல்லாம் சொன்னீங்க. என் வீட்டுக்கு ஒருத்தரும் சொல்லல. அவரு உயிரோட இருக்கார்னு நெனச்சு நான் போட்டேன்."

சிப்ரியன் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். "யாரும் பிடிக்க வேணாம்" என்று பாஸிடம் சொல்லிவிட்டு, தானே படியிறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால். தையற்காரி டெல்ஃபின் ஜன்னலை மூடிக்கொண்டாள். சூக்ராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். சந்தையில் யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஸ்டேஷனில் சார்ஜன்ட் போகார்ட் சிப்ரியன் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பேனாவை எடுக்கவில்லை. கேட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஒரு கிருதா காதுக்கு மேலே இருந்தது. ஒன்று கீழே.

பாஸ் என்னைப் பார்த்தார். என் வாயில் ஜோக் எதுவும் வரவில்லை.

"என் அண்ணனும் அந்த ஆலைதான்" என்றார் சார்ஜன்ட், எங்களுக்கல்ல, பொதுவாக. "கார்வினைப் பிடிக்க நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து காத்திருக்கேன். ஒருத்தன் புகார் குடுக்கல. வந்த ஒரே புகாரும் பொய்னு தெரியும். தெரிஞ்சுதான் விலங்கை மாட்டினேன்." மார்வாவிடம் திரும்பினார். "இதை நான் எழுதித்தான் ஆகணுமா? எழுதினா என்ன போகும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"திரும்ப வராது. உன் காலத்துல வராது."

அவள் அழுதுகொண்டிருந்தாள். கையால் துடைக்கக்கூட இல்லை. "எழுதுங்க."

எழுதினார். சிப்ரியன் கையெழுத்துப் போட்டார். ஒரு கான்ஸ்டபிள் அவரை உள்ளே அழைத்துப்போக, இருந்த ஒரே லாக்கப் காலியாக வேண்டியிருந்ததால், இன்னொருவர் கார்வினை வெளியே கூட்டிவந்தார். பெரிய ஆள். தூங்கி எழுந்த முகம். உள்ளிருந்தே பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும், சிப்ரியன் எதிரே வந்ததைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. சிரித்தான்.

"செல்லாதா? அப்ப மறுபடி தேர்தலா?" என்றான் யாரிடமோ. அப்புறம் தங்கையைப் பார்த்தான். "அழாத. வா, வீட்டுக்குப் போலாம். இந்த ஊரை நான் பாத்துக்கறேன்."

மார்வா திரும்பவில்லை. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இன்னொரு தாள் எடுங்க" என்றாள். "சிப்ரியன் தம்பி கையை எங்கண்ணன் உடைச்சதை நான் பாத்தேன். எழுதிக்குங்க. நான் மாவு வாங்கிட்டிருந்தேன். அவன் கையில இரும்புக் கம்பி."

கார்வின் சிரிப்பு போகவில்லை. அது முகத்திலேயே எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. ஒரு அடி முன்னால் வைத்தான். பாஸ் நகர்ந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். நானும் நின்றேன்.

சார்ஜன்ட் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"உக்காரு கார்வின்" என்றார். "உன் தங்கச்சி இன்னும் முடிக்கல."